குடும்ப மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்குமான வாராந்தரத் தகவல் சேவை: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

பொது மருத்துவம் பார்க்கும் சிறிய கிளினிக்குகளுக்கென்றே நடத்தப்படும் ஒரு சந்தாச் சேவையை 14 மாதங்களாகப் பயன்படுத்திவருகிறோம். சிகிச்சை முறைகளில் வரும் மாற்றங்களைப் பற்றி வாரம் ஒருமுறை மருத்துவருக்கு ஒரு தொகுப்பு, அதே மாற்றம் குறித்துச் செவிலியருக்கு ஒரு பக்கம், வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு அரைப் பக்கம், தேவைப்படும்போது சுவரில் ஒட்ட ஓர் அட்டை அல்லது நாள்தோறும் நிரப்ப ஒரு படிவம் என்பதே அதன் அமைப்பு. சேவையின் பெயரை இங்கே எழுதவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். இதே வகையில் வேறு சில சேவைகளும் கிடைப்பதால், எதை வாங்குவதானாலும் உரசிப் பார்க்க வேண்டிய இடங்கள் எவை என்று சொல்வதே அதிகம் பயன்படும் என்பது இன்னொரு காரணம். எங்கள் கிளினிக்கில் மருத்துவர்கள் இருவர், செவிலியர்கள் மூவர், வரவேற்பில் இருவர், மருந்து வழங்குபவர் ஒருவர் என எட்டுப் பேர் பணியாற்றுகிறோம். இந்த மதிப்பீடு அந்த அளவுள்ள இடத்தின் அனுபவம் என்பதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டுகிறேன்.

படிப்பதற்கு மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்கள், பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல்கள், ஆஸ்துமாவுக்கான உலகளாவிய நிபுணர் அமைப்பான ஜினாவின் அறிக்கை ஆகிய அனைத்தையும் கட்டணமின்றியே இணையத்தில் படிக்கலாம். ஆகவே சந்தா கட்டலாம் என்று என் சக மருத்துவர் சொன்னபோது நான் முதலில் தயங்கினேன். என் தயக்கத்தை மாற்றியது மருத்துவருக்கான தொகுப்பு அன்று. அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதைப் போன்ற தொகுப்புகள் பல உண்டு. ஒரு மாற்றத்தை நான் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும், மருந்துச் சீட்டைப் புதுப்பிக்கும் வரவேற்பு மேசைக்கும், ஊசி போடும் அறைக்கும், மருந்து எடுத்துக் கொடுக்கும் அலமாரிக்கும் அது போய்ச் சேராமலேயே இருந்திருக்கிறது என்பதை இந்தச் சேவைதான் எனக்குக் காட்டியது.

ஆஸ்துமாவைப் பற்றிய பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும், மூச்சுக்குழாயை உடனடியாக விரிக்கும் நிவாரண இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுத்து ஆஸ்துமாவைக் கவனிப்பது கூடாது என்றும், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் ஏதாவதொரு வடிவில் உடன் இருந்தே ஆக வேண்டும் என்றும் ஜினா 2019-இல் அறிவித்தது. 200 முறை அழுத்தக்கூடிய நிவாரண இன்ஹேலரை ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ வாங்குபவருக்குக் கடுமையான ஆஸ்துமாத் தாக்குதல் வரும் அபாயம் கூடுதல். பன்னிரண்டோ அதற்கு மேலோ வாங்குபவருக்கு மரண அபாயமே கூடுதல். இவை எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் வரவேற்பு மேசைக்கு வந்த அரைப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு வேலை: நிவாரண இன்ஹேலர் மட்டும் கேட்டு வருபவரின் பெயருக்கு எதிரே ஒவ்வொரு முறையும் தேதியைக் குறித்துவையுங்கள், ஓராண்டில் மூன்றாவது தேதி விழுந்தால் மருத்துவரைப் பார்க்காமல் அனுப்பிவிடாதீர்கள்.

அந்த நோட்டு தொடங்கிய பின், பழைய சீட்டுகளையும் பார்த்து அதில் ஏற்றியிருந்த எங்கள் வரவேற்புப் பணியாளர் ஒருநாள் நோட்டுடன் என் அறைக்குள் வந்தார். "டாக்டர், இந்த அம்மா எட்டு மாதத்தில் ஐந்தாவது தடவையாக வாங்க வந்திருக்கிறார். அவசரமாகப் போக வேண்டுமாம், மருந்தை மட்டும் கொடுத்தால் போதும் என்கிறார்" என்றார். அந்த ஐந்தில் மூன்று சீட்டுகளில் இருந்தது என் கையெழுத்து. உள்ளே அழைத்துப் பேசியபோது, வாரத்தில் நான்கு இரவுகள் இருமலால் எழுந்து உட்கார்ந்துவிடுவதாகவும், அது தனக்குப் பழகிவிட்டதாகவும் சொன்னார். செவிலியர் இன்ஹேலரைப் பயன்படுத்திக் காட்டச் சொன்னார். அந்த அம்மா முதலில் அழுத்திவிட்டு, மருந்து வாய்க்குள்ளேயே படிந்த பிறகு மூச்சை இழுத்தார். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலருக்கு மாற்றி, இழுக்கும் முறையையும் இரண்டு முறை செய்து பார்க்க வைத்து அனுப்பினோம். இப்போது இரவில் தூங்குகிறார். அந்த நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் ஆறாவது சீட்டிலும் நான் கையெழுத்திட்டிருப்பேன்.

கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சியான அனாஃபிலாக்சிஸுக்கான சுவரட்டையும் அதே அளவுக்குச் சிறப்பானது. பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அட்ரினலின் 0.5 மி.கி., 6 முதல் 12 வயது வரை 0.3 மி.கி., 6 மாதம் முதல் 6 வயது வரை 0.15 மி.கி., தொடையின் வெளிப்புறத் தசையில். முன்னேற்றம் இல்லையென்றால் 5 நிமிடத்தில் மீண்டும். இந்த அளவுகளை எந்தப் புத்தகத்திலும் பார்க்கலாம். அட்டையைத் தயாரித்தவர் அவற்றுக்கு நேராக மி.லி. கணக்கையும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியான ஆம்பூலில் 1:1000 என்று எழுதியிருந்தால் ஒரு மி.லி.யில் ஒரு மி.கி. இருக்கிறது என்பதையும், ஆகவே பெரியவருக்கு அரை மி.லி. என்பதையும் பதற்றத்தில் நிற்கும் ஒருவர் மனக்கணக்காகப் போட வேண்டியதில்லை. மருந்து வயதுக்கு ஏற்ப மாறும் இடத்தில் கணக்கைச் செய்து வைத்திருப்பதே ஓர் அட்டையின் கடமை என்று நினைக்கிறேன்.

அட்டையை ஒட்டிய அன்று எங்கள் அவசர மருந்துத் தட்டைத் திறந்து பார்த்தோம். முன்வரிசையில் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டும் அலர்ஜிக்கான ஊசியும் இருந்தன. அட்ரினலின் அவற்றுக்குப் பின்னால் ஒரு சிறிய பெட்டிக்குள் இருந்தது. பிரிட்டனின் உயிர்மீட்பு மன்றம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அலர்ஜி மருந்துகளை முதற்கட்ட அவசரச் சிகிச்சையில் சேர்க்க வேண்டாம் என்றும், ஸ்டீராய்டை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவற்றைத் தேடி எடுத்துப் போடும் நேரத்தில் அட்ரினலின் தாமதமாகிறது என்பதே கவலை. எங்கள் தட்டு பழைய பழக்கத்தின் வரிசையிலேயே இருந்தது. அன்றே அட்ரினலினை முன்னால் வைத்து, ஆம்பூல், சிரிஞ்சு, தொடைத் தசையை எட்டும் நீளமுள்ள ஊசி மூன்றையும் ஒரே உறையில் சேர்த்து வைத்தோம்.

தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கான படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பலர் மனத்தில் இருக்கும் அச்சம் வெப்பத்தைப் பற்றியது மட்டுமே. டெட்டனஸ், டிப்தீரியா, ஹெபடைட்டிஸ் பி போன்ற, அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பூசிகள் உறைந்துபோனால் வீரியத்தை இழந்துவிடும். உருகிய பிறகு பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாமலும் போகலாம். நாங்கள் அதுவரை காலையில் கதவைத் திறந்து, அந்த நேரத்தில் காட்டும் வெப்பநிலையை எழுதிவிட்டு மூடுவோம். சேவை அனுப்பிய படிவத்தில் நாளுக்கு இருமுறை, அந்த நேர வெப்பநிலையோடு, கடந்த பதிவுக்குப் பிறகு எட்டிய மிக உயர்ந்த அளவுக்கும் மிகத் தாழ்ந்த அளவுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. எழுதியபின் வெப்பமானியில் பதிந்திருக்கும் உச்ச, தாழ்ந்த அளவுகளை அழித்ததற்கு ஒரு டிக் கட்டமும் உண்டு. அந்த டிக் கட்டம் இல்லாத படிவங்களில் பழைய உச்ச அளவே வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுதப்படும்.

ஒரு திங்கட்கிழமைக் காலை, அந்த நேர வெப்பநிலை 4 டிகிரி என்று காட்டியது. தாழ்ந்த அளவுக் கட்டத்தில் எழுத வேண்டியிருந்தது பூஜ்ஜியத்துக்கும் கீழே ஓர் எண். பழைய முறையில் 4 என்று எழுதிவிட்டு நிம்மதியாக ஊசி போடத் தொடங்கியிருப்போம். படிவத்தின் பின்பக்கத்தில் அடுத்து என்ன செய்வது என்பது இருந்தது: பயன்படுத்தாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள், தனியே பிரித்து "பயன்படுத்தக் கூடாது" என்று எழுதி ஒட்டி 2 முதல் 8 டிகிரிக்குள்ளேயே வைத்திருங்கள், தடுப்பூசி வழங்கியவர்களிடம் விவரம் சொல்லி அவர்கள் முடிவைக் கேளுங்கள். அப்படியே செய்தோம். சில மருந்துக் குப்பிகள் பின்சுவரை ஒட்டி, குளிர்க்காற்று நேராகப் படும் இடத்தில் அடுக்கப்பட்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அன்று வந்த குழந்தைகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது எங்கள் எல்லோருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. பெற்றோரிடம் காரணத்தை மறைக்காமல் சொன்னோம்.

ஆய்வகச் சோதனை முடிவுகளுக்கான பதிவேட்டை இந்தச் சேவையின் ஆகச் சிறந்த பொருள் என்பேன். தோற்றத்தில் அது நான்கு நெடுவரிசைகள் கொண்ட தாள்தான்: அனுப்பியது, வந்தது, மருத்துவர் பார்த்தது, நோயாளியிடம் சொன்னது. கடைசி நெடுவரிசைதான் உயிர்நாடி. "எதுவும் சொல்லவில்லை என்றால் எல்லாம் நார்மல் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று நோயாளிகளிடம் சொல்லும் வழக்கம் எங்கள் கிளினிக்கிலும் இருந்தது. வராமல் போன ரிப்போர்ட்டும், வந்து யாரும் பார்க்காமல் கோப்பில் போன ரிப்போர்ட்டும் நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் நார்மலான ரிப்போர்ட்டைப் போலவே இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நிரம்பாத கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்த செவிலியர், மூட்டுவலிக்காக வலிமாத்திரையும் சர்க்கரைக்காக மெட்ஃபார்மினும் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் சிறுநீரகச் சோதனை முடிவு வந்து, என்னால் பார்க்கப்பட்டு, அவரிடம் மட்டும் சொல்லப்படாமல் நிற்பதைக் கண்டுபிடித்தார். சிறுநீரக வடிகட்டு வேகம் 30-க்குக் கீழே இறங்கியிருந்தது. அந்த அளவில் மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டும். வலிமாத்திரையையும் உடனே நிறுத்தியாக வேண்டும். அன்று மாலையே அவரைத் தொலைபேசியில் பிடித்தோம்.

மருந்து வழங்குபவருக்கென்று வரும் பக்கங்கள் எண்ணிக்கையில் குறைவு என்றாலும் கூர்மையானவை. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டியது. தவறாகத் தினமும் எடுத்து உயிரிழந்தவர்கள் உண்டு. "வாரம் ஒருமுறை" என்று எழுதினால் போதாது, எந்தக் கிழமை என்று உறையின் மேல் எழுதுங்கள், நோயாளியையும் அந்தக் கிழமையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள் என்று அந்தப் பக்கம் சொல்கிறது. எங்கள் மருந்தாளர் அதை அன்றே நடைமுறைப்படுத்தினார்.

இனி குறைகள். முதலாவதும் பெரியதும் இரத்த அழுத்தத்தைப் பற்றியது. எந்த அளவுக்கு மேல் போனால் உயர் இரத்த அழுத்தம் என்பதில் உலகின் முக்கிய அமைப்புகளே ஒத்துப்போகவில்லை. அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2017-இல் 130/80 என்று வரையறுத்தன. நைஸ் அமைப்பு, கிளினிக்கில் எடுத்தால் 140/90, வீட்டில் எடுத்த சராசரியானால் 135/85 என்ற கோட்டில் நிற்கிறது. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024-இல் 140/90-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, மேல் அளவு 120 முதல் 139 வரை அல்லது கீழ் அளவு 70 முதல் 89 வரை இருப்பவர்களுக்கு "உயர்ந்த அழுத்தம்" என்ற இடைவகையை உருவாக்கியது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் நியாயம் உண்டு. ஆனால் நமது சேவை ஒரு மாதம் ஒரு கோட்டையும் அடுத்த மாதம் இன்னொரு கோட்டையும், இது யார் சொன்னது என்று செவிலியர் பக்கத்தில் குறிப்பிடாமலேயே வெளியிட்டது. "டாக்டர், போன மாதம் 140 என்றார்கள், இப்போது 130 என்கிறார்கள். நான் எந்த எண்ணுக்கு மேல் இருந்தால் உங்களிடம் அனுப்ப வேண்டும்?" என்று எங்கள் மூத்த செவிலியர் கேட்டார். அவர் கேள்வி முற்றிலும் சரி. கருத்து வேறுபாடு இருக்கும் இடத்தில் அதைச் சொல்லி, கிளினிக் தானே ஒரு கோட்டைத் தேர்ந்துகொள்ள இடம் விட்டிருக்க வேண்டும்.

இதில் வருத்தம் என்னவென்றால், இரத்த அழுத்தத்தை எப்படி அளப்பது என்பதற்கு அதே சேவை கொடுத்த பக்கம் மிக அருமையானது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்தல், முதுகுக்குச் சாய்மானம், பாதங்கள் தரையில், கால்மேல் கால் போடாமை, கை இதய மட்டத்தில் தாங்கப்பட்டிருத்தல், அளக்கும்போது பேச்சு இல்லாமை, கைக்கேற்ற அளவில் பட்டை. பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். எங்களிடம் பெரிய பட்டை ஒன்று இருந்தது, இழுப்பறையின் அடியில். நோயாளி படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே தன் மகளைப் பற்றிப் பேசும்போது எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு 130-ஆ 140-ஆ என்று யோசிப்பதில் பொருளே இல்லை.

இரண்டாவது குறை, எல்லாப் பரிந்துரைகளையும் ஒரே குரலில் சொல்வது. மருத்துவ வழிகாட்டுதல்களில் பல கிரேடு என்ற முறைப்படி, ஆதாரம் எவ்வளவு உறுதியானது, பரிந்துரை வலுவானதா நிபந்தனைக்குட்பட்டதா என்று பிரித்தே சொல்கின்றன. இந்தத் தொகுப்பில் அந்தப் பிரிவு கரைந்துபோய்விடுகிறது. பெரிய ஆய்வுகளால் நிறுவப்பட்ட மாற்றமும், நிபுணர் கருத்தை மட்டும் நம்பி நிற்கும் மாற்றமும் "இனி இப்படிச் செய்யுங்கள்" என்ற ஒரே வாக்கியத்தில் வருகின்றன. முன்னதை உடனே செய்ய வேண்டும், பின்னதை நோயாளியோடு பேசி முடிவெடுக்க வேண்டும். இரண்டையும் பிரித்தறிய நான் மூல ஆவணத்துக்கே போக வேண்டியிருக்கிறது. நேரத்தை மிச்சப்படுத்தவே சந்தா கட்டுகிறோம் என்பதை நினைத்தால் இது சிறிய குறையன்று.

அட்டைகளிலும் படிவங்களிலும் வெளியான தேதி இருக்கிறது, மறுபடி பார்க்க வேண்டிய தேதி இல்லை. புதிய பதிப்பு வந்த பிறகும் பழைய பதிப்பு தேடலில் கிடைக்கிறது. சுவரில் ஒட்டிய தாளுக்கு, அது காலாவதியாகிவிட்டது என்று தானாகச் சொல்லத் தெரியாது. நாங்கள் ஒவ்வொன்றின் மூலையிலும் பேனாவால் ஒரு மாதத்தை எழுதிவைத்து, அந்த மாதம் வந்ததும் இறக்கிச் சரிபார்க்கிறோம். மேலும், கோப்புகள் திருத்த முடியாதபடி பூட்டப்பட்டு வருகின்றன. எங்கள் பணியாளர்கள் தங்களுக்குள் பேசும் மொழியில் அந்த அரைப் பக்கத்தை எழுதிவைக்க வேண்டுமானால் முழுவதையும் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. வரவேற்பு மேசையில் இருப்பவர் ஒருமுறை படித்தவுடன் புரிந்துகொள்ள வேண்டிய பக்கத்துக்கு இந்தப் பூட்டு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

ஆன்டிபயாடிக் பற்றிய பகுதி கலவையானது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் தொடங்கிய அவேர் பகுப்பு, ஆன்டிபயாடிக்குகளை முதலில் எடுக்க வேண்டியவை, கவனித்துப் பயன்படுத்த வேண்டியவை, கடைசிக்கென ஒதுக்க வேண்டியவை என்று மூன்றாகப் பிரிக்கிறது. மனிதர்கள் பயன்படுத்துவதில் குறைந்தது 70 விழுக்காடு முதல் வகையிலிருந்து இருக்க வேண்டும் என்பதை 2030-க்கான இலக்காக ஐ.நா. பொதுச்சபை 2024-இல் ஏற்றது. சேவை இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்கிறது. ஆனால் எங்களுக்கு உதவியது அதிலிருந்த ஒரு சிறு குறிப்புதான்: சளி இருமலோடு வருபவரிடம், இருமல் மூன்று வாரம் வரைகூட நீடிக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் திரும்பி வர வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். ஐந்தாம் நாள் "இன்னும் நிற்கவில்லை, வேறு மாத்திரை கொடுங்கள்" என்று வருபவர்கள் குறைந்திருக்கிறார்கள் என்பது எங்கள் இருவரின் உணர்வு; எண்ணிப் பார்க்கவில்லை.

காணொளிப் பாடங்கள் நீளமானவை, பணியாளர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கைப்பேசிச் செயலி மெதுவானது. கணக்கு, காப்பீடு தொடர்பான மாதிரிப் படிவங்கள் எங்களுக்குப் பயன்படவில்லை. விளம்பரம் கிடையாது என்பதும், எழுதியவர்கள் மருந்து நிறுவனங்களோடு தங்களுக்கு உள்ள தொடர்பை ஒவ்வொரு தொகுப்பின் அடியிலும் குறிப்பிடுகிறார்கள் என்பதும் எனக்குப் பெரிய நம்பிக்கையைத் தந்தன. எந்தச் சேவையை வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டிய வரி அதுதான்.

தனியாக, உதவிக்கு ஒருவரோடு மட்டும் கிளினிக் நடத்தும் மருத்துவருக்கு இந்தச் சந்தா தேவையில்லை. கட்டணமின்றிக் கிடைக்கும் வழிகாட்டுதல்களும், மேலே சொன்ன நான்கு நெடுவரிசைத் தாளை ஒரு நோட்டில் கோடு போட்டுத் தொடங்குவதும் போதும். நான்கைந்து பேருக்கு மேல் பணியாற்றும் இடமானால், வாரத்தில் 20 நிமிடம் எல்லோரும் ஒன்றாக உட்கார முடியும் என்ற உறுதி இருந்தால் மட்டும் வாங்கலாம். எங்களுக்கு அது புதன்கிழமை மதியம், வெளிக்கதவைச் சாத்திவிட்டு. முதல் இரண்டு மாதங்கள் அந்த நேரத்தை ஒதுக்காமல் பக்கங்களை அச்சிட்டு மட்டும் கொடுத்தோம். அவை மேசை இழுப்பறைக்குள் போயின, வேறெதுவும் மாறவில்லை.

இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்திருக்கிறோம். மறுபரிசீலனைத் தேதி, திருத்தக்கூடிய கோப்பு, இரத்த அழுத்தப் பக்கத்தில் எந்த அமைப்பின் கோடு என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் கேட்டு எழுதினேன். தேதியைச் சேர்ப்பதாகப் பதில் வந்தது. அடுத்து வந்த இரண்டு அட்டைகளில் சேர்த்தும் இருந்தார்கள். மற்ற இரண்டுக்கும் இன்னும் பதில் இல்லை. அதுவரை செவிலியர் அறையில், நானும் என் சக மருத்துவரும் பேசி முடிவு செய்த எண்ணைக் கையால் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு ஒட்டிய தாள் இருக்கிறது; பெரிய பட்டை அதற்குக் கீழே ஆணியில் தொங்குகிறது.